சான்றிதழுக்கு வேண்டியது உங்கள் மகனின் கையெழுத்து

கேள்வி: நாங்கள் விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு அருகே வசிக்கும் கிறிஸ்தவக் குடும்பம். பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து 60 சென்ட் ரப்பர் தோட்டம் வாங்கிய என் கணவர், உயில் எதுவும் எழுதாமல் காலமானார். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்த பிள்ளைக்கு வயது 22. பெண்ணாக வளர்த்த பிள்ளை, பள்ளியில் படிக்கும் காலத்திலிருந்தே தான் ஆண் என்று சொல்லி வந்தது. இப்போது முடியை வெட்டி, சட்டையும் வேட்டியும் உடுத்தி, ஆண் பெயரும் வைத்துக்கொண்டிருக்கிறது. பி.காம். முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் சேர வேண்டும். ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றலாம் என்று போனால், அறுவை சிகிச்சை செய்து மருத்துவச் சான்று கொண்டு வந்தால்தான் முடியும் என்று இங்கே ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மனநோய், ஜெபவீட்டில் சில மாதம் அடைத்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் அண்ணன். ஆணாக மாறிவிட்டால் மகளுக்குரிய பங்கு போய்விடும், அதற்கு முன்பே தங்கையின் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடு என்றும் சொல்கிறார். இளையவளின் கல்யாணத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளையை இழக்கவும் மனமில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

— ஒரு தாய், விளவங்கோடு வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதற்கு முன், காத்திருக்க முடியாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதிலும் உங்கள் பிள்ளை இப்போது கையெழுத்திட வேண்டாம். விருப்பமில்லாத பிள்ளையை ஜெபவீட்டுக்கோ வேறெந்த இடத்துக்கோ கொண்டுபோய் அடைத்து வைக்கவும் வேண்டாம், அது குற்றம். 22 வயது நிறைந்த ஒருவர் தன்னை ஆண் என்று அறிவித்திருப்பதால், இந்தப் பதிலில் அவரை உங்கள் மகன் என்றே குறிப்பிடுகிறேன். நான் சொல்பவை அனைத்தும் இதை எழுதும் 2025 நவம்பரில் நடைமுறையில் உள்ள சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை; அதன்பின் சட்டம் மாறியிருக்கிறதா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அலுவலகத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறான செய்தி. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடர்ந்த வழக்கில், நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் கண்ணியத்தின் பகுதி என்றும், பாலினத்தை அங்கீகரிப்பதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறான பாலினமாகத் தம்மை உணர்பவர்கள்) உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2019, கடந்த 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 4ஆம் பிரிவு, தான் உணரும் பாலின அடையாளத்துக்கு ஒவ்வொரு திருநருக்கும் உரிமை உண்டு என்கிறது. 5ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 6ஆம் பிரிவின்படி ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் வழங்க வேண்டும். 2020இல் வந்த விதிகள் இதை இன்னும் தெளிவாக்கி, விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழிப் பத்திரத்தின் அடிப்படையிலேயே, எந்த மருத்துவப் பரிசோதனையும் உடல் பரிசோதனையும் இல்லாமல் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று கூறுகின்றன. விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் அது முடிய வேண்டும்.

அலுவலகங்களில் இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2008 ஏப்ரலில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. இந்தியாவிலேயே முதல் முயற்சி அது. அதிலிருந்து வாரிய அடையாள அட்டை என்பது ஒரு தனி நடைமுறையாக வளர்ந்துவிட்டது. மாவட்ட சமூக நல அலுவலகத்தின் வழியாகக் கிடைக்கும் அந்த அட்டை, மாநில அரசின் நலத்திட்டங்களுக்கானது. ஆட்சியர் வழங்கும் சான்றிதழோ நாடு முழுவதும் செல்லும் சட்ட அங்கீகாரம். பழைய பழக்கத்தில் பணியாற்றும் ஓர் எழுத்தர் இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பேசியிருக்கக்கூடும். உங்கள் மகனுக்கு முதலில் தேவைப்படுவது ஆட்சியரின் சான்றிதழ்தான்.

அதற்கு நாகர்கோவிலுக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகம் திருநருக்கென்று நடத்தும் தேசிய இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், முகவரிச் சான்று, பிறந்தபோது வைத்த பெயர், இப்போது தேர்ந்துகொண்டுள்ள பெயர் ஆகிய விவரங்களுடன், விதிகளில் தரப்பட்டுள்ள படிவத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாரித்து, நோட்டரியின் சான்றொப்பம் பெற்றுப் பதிவேற்ற வேண்டும். மார்த்தாண்டத்திலோ குழித்துறை நீதிமன்றத்துக்கு வெளியிலோ எந்த நோட்டரியும் அதைச் செய்து கொடுப்பார். அந்தப் பத்திரத்தில் இருக்க வேண்டிய கையெழுத்து உங்கள் மகனுடையது மட்டுமே. அவர் வயது வந்தவர் என்பதால் தாயின் ஒப்புதலோ தாய்மாமனின் ஒப்புதலோ கேட்கப்படுவதில்லை. முகவரியைச் சரிபார்க்கக் கிராம நிர்வாக அலுவலர் வரலாம். அவர் விசாரிக்க வேண்டியது உங்கள் மகன் அந்த வீட்டில் வசிக்கிறாரா என்பதைத்தான். அவரது உடலைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமை இல்லை. அப்படி ஒருவர் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருந்து, "ஆமாம், இது என் பிள்ளை, இங்கேதான் வசிக்கிறது" என்று சொல்வது, சட்டம் கேட்காவிட்டாலும், உங்கள் மகனுக்குப் பெரிய துணையாக இருக்கும்.

இதில் காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. விண்ணப்பிக்கும் நாளில், அந்த ஆட்சியரின் எல்லைக்குள் தொடர்ந்து 12 மாதங்கள் வசித்தவராக விண்ணப்பதாரர் இருக்க வேண்டும் என்பது விதி. ஜனவரியில் உங்கள் மகன் திருவனந்தபுரத்தில் வாடகை வீடு பார்த்துக் குடியேறி, முகவரியையும் அங்கே மாற்றிக்கொண்டால், கன்னியாகுமரி மாவட்டத்தில் விண்ணப்பிக்கும் தகுதி கேள்விக்குள்ளாகும். கேரளத்தில் விண்ணப்பிக்க இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டி வரும். எல்லையோரத்தில் வாழும் நம் மக்கள் பலர், வேலை அங்கும் வீடு இங்குமாக இருந்து இந்த இடைவெளியில் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே விண்ணப்பத்தை இந்த மாதமே பதிவேற்றிவிடுங்கள். இங்கே கிடைக்கும் சான்றிதழ் கேரளத்திலும் செல்லும். அது மத்தியச் சட்டத்தின்படி வழங்கப்படுவது.

அந்தச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும் என்பதை உங்கள் மகன் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. 6ஆம் பிரிவின்படி கிடைக்கும் முதல் சான்றிதழ் அவரைத் 'திருநர்' என்றுதான் குறிப்பிடும். 'ஆண்' என்று குறிப்பிடாது. ஆண் என்றே பதிவாக வேண்டுமானால், 7ஆம் பிரிவின்படி, சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ தரும் சான்றுடன் திருத்திய சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆணாகவோ பெண்ணாகவோ மூன்றாம் பாலினமாகவோ தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை அறுவை சிகிச்சையோடு முடிச்சுப் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன பிறகும், நாடாளுமன்றம் இந்த இரண்டாம் படியை வைத்தது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. இதை எதிர்த்த மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலாகியுள்ளன. ஆனால் 2020ஆம் ஆண்டு விதிகள், மருத்துவ உதவி என்பதற்குத் தரும் விளக்கத்தில் அறுவை சிகிச்சையை மட்டுமல்லாமல் ஆலோசனையையும் ஹார்மோன் சிகிச்சையையும் சேர்த்திருக்கின்றன. எனவே உடலில் கத்தி படாமலே திருத்திய சான்றிதழைக் கேட்பதற்கு இடம் இருக்கிறது என்று வாதிடலாம். அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா, எப்போது என்பதெல்லாம் உங்கள் மகன் மருத்துவரோடு பேசி, தன் உடலுக்காகத் தானே முடிவு செய்ய வேண்டியவை. ஒரு காகிதத்தில் ஒரு சொல் மாற வேண்டும் என்பதற்காக அவசரப்பட்டு யாரிடமும் போய்விட வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநருக்கான தனிப் பிரிவுகள் உள்ளன. நம் மாவட்டத்துக்குள் ஆலோசனை வேண்டுமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம்.

முதல் சான்றிதழ் கையில் வந்ததும் மற்ற ஆவணங்களை மாற்றத் தொடங்கலாம். சட்டத்தின் 7ஆம் பிரிவே, 6ஆம் பிரிவின்படி சான்றிதழ் பெற்றவருக்கும் பிறப்புச் சான்றிதழ் உட்பட எல்லா அடையாள ஆவணங்களிலும் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. சாதிச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், வாக்காளர் அட்டை, ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிப் புத்தகம், கடவுச்சீட்டு எனப் பெரும்பாலான ஆவணங்களை விதிகளின் இணைப்பு பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. ஆவணத்தை வழங்கிய அலுவலகம், விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் மாற்றித் தர வேண்டும். ஆதாரில் தொடங்குங்கள், அது மாறிவிட்டால் பானும் வங்கிக் கணக்கும் எளிதில் மாறும். சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிட்டு வைத்துக்கொள்வது நல்லது என்று, வழக்கறிஞராக என் கட்சிக்காரர்களிடம் சொல்வது வழக்கம். வங்கிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அமர்ந்திருப்பவர்களுக்குத் திருநர் சட்டம் பழக்கமில்லை, அரசிதழ் பழக்கம் உண்டு.

கடினமாக இருக்கப்போவது பள்ளிச் சான்றிதழ்கள்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தையும், பட்டச் சான்றிதழுக்கு நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையும் எழுத்து மூலம் அணுக வேண்டும். படிப்பை முடித்த பிறகு பெயர் மாற்றம் இல்லை என்ற பழைய விதியைக் காட்டி மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். மத்தியச் சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த உரிமையைத் துறை விதி ஒன்று தடுக்க முடியாது. திருநர் தொடர்ந்த வழக்குகளில் கல்விச் சான்றிதழ்களை மாற்றித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நம் மாவட்டம் அதன் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது.

ஆனால் வேலையில் சேர்வதற்கு இவை அனைத்தும் முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்சியரின் சான்றிதழில், முந்தைய பெயரில் உள்ளவரும் இப்போதைய பெயரில் உள்ளவரும் ஒருவரே என்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கும். அதையும் பழைய பட்டச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தால் நிறுவனம் ஏற்க வேண்டும். சட்டத்தின் 3ஆம், 9ஆம் பிரிவுகள் வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் திருநரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றன. 11ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். கடந்த 2025 அக்டோபர் 17 அன்று, திருநங்கை என்பதற்காகத் தனியார் பள்ளிகளில் ஆசிரியர் பணியை இழந்த ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டதோடு, சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் உள்ள அலட்சியத்தைக் கடுமையாகக் கண்டித்து, டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்திருக்கிறது. வேலையில் சேரும் முன்பே, விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்பதற்கான ஒப்புகைச் சீட்டை இணைத்து, நிறுவனத்துக்கு உங்கள் மகன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைக்கட்டும்.

இனி சொத்து. உங்கள் அண்ணன் சொல்வதில் சட்ட அடிப்படை சிறிதும் இல்லை. அதை நம்பி ஒரு பத்திரம் பதிவாகிவிட்டால் பிறகு அதை ரத்து செய்ய ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டியிருக்கும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மகனுக்கு ஒரு பங்கு, மகளுக்கு வேறொரு பங்கு என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் வேரோடி இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்தது. திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது, மகனின் பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. இந்தச் சட்டம் நம் மாவட்டத்தில் தொடர்கிறதா இல்லையா என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1970களில் முரண்பட்ட தீர்ப்புகள் வந்தன. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு முடிவு கட்டியது: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, திருவிதாங்கூர்ப் பகுதியின் கிறிஸ்தவர்களுக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது.

அந்த 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. ஆகவே உங்கள் 60 சென்ட் தோட்டத்தில் 20 சென்ட் அளவுக்கு உங்களுக்கும், 20 மூத்த பிள்ளைக்கும், 20 இளைய மகளுக்கும் உரிமை உண்டு. வீட்டிலும் அதே விகிதம். உங்கள் மூத்த பிள்ளை ஆவணத்தில் பெண்ணாக இருந்தாலும், திருநராகப் பதிவானாலும், பிறகு ஆணாகப் பதிவானாலும் அந்தப் பங்கு ஒரு சென்ட் கூடாது, ஒரு சென்ட் குறையாது. உங்கள் கணவர் இறந்த நாளிலேயே அந்த உரிமை பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. அதன்பின் பாலினப் பதிவு மாறுவதால் வந்த உரிமை திரும்பிப் போவதில்லை. வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் 'மகள்' என்று பழைய பெயர் இருந்தால் அதை ரத்து செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. பிற்காலத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது, முந்தைய பெயர், இப்போதைய பெயர் இரண்டையும் குறிப்பிட்டு, ஆட்சியரின் சான்றிதழ் எண்ணையும் சேர்த்து எழுதினால் போதும். பட்டாவும் அதன்படியே மாறும்.

விடுதலைப் பத்திரம் என்பது தன் பங்கை முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் விட்டுக்கொடுப்பவர் எழுதிக் கொடுப்பது. தங்கையின் திருமணத்துக்கு உதவ வேண்டும் என்று உங்கள் மகன் தானாக விரும்பினால், பிற்காலத்தில், தன் வழக்கறிஞரிடம் கலந்துகொண்டு செய்யட்டும். "பங்கு எப்படியும் போய்விடும்" என்ற பொய்யைச் சொல்லி இப்போது எழுதி வாங்குவது மோசடி. உங்கள் சொந்தப் பங்கை இளையவளுக்குக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு; அதில் யாரும் தலையிட முடியாது. உங்கள் அண்ணனுக்கோ இந்தச் சொத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை.

மனநோய் என்ற பேச்சுக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தேசிய அளவிலும் பன்னாட்டு அளவிலும் ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படி மட்டுமே ஒருவருக்கு மனநோய் உண்டா என்று தீர்மானிக்க வேண்டும் என்றும், சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நம்பிக்கைகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை அதற்குக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு, பாலின முரண்பாட்டை மனநோய்கள் என்ற பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. பாலின அடையாளத்தை 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பவற்றைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவில் தடை செய்தார். அதைச் செய்யும் மருத்துவர்மீது தொழில் ஒழுக்க நடவடிக்கை பாயும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஜெபிப்பது உங்கள் உரிமை; உங்கள் பிள்ளைக்காக நீங்கள் ஜெபிப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால் வயது வந்த ஒருவரைப் பூட்டி வைப்பது, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி சட்டவிரோத அடைப்பு. அதோடு, திருநரை வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ வெளியேற்றுவது, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் பொருளாலும் துன்புறுத்துவது ஆகியவற்றுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. இதை உங்கள் அண்ணனிடம் மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தங்கையின் குடும்பத்தைத் தாங்குகிறோம் என்ற எண்ணத்தில்தான் பல அண்ணன்மார் இப்படிப் பேசுகிறார்கள், சட்டம் தெரிந்ததும் அடங்கிவிடுகிறார்கள் என்பதும் என் அனுபவம்.

ஒருவேளை உங்கள் அண்ணன் காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தாலும் அஞ்ச வேண்டாம். மேலே சொன்ன 2021ஆம் ஆண்டு உத்தரவின்படி, வயது வந்தவர் தன் விருப்பத்தின்படியே இருக்கிறார் என்று தெரிந்தால், காவல்துறை அவரது வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, தொல்லை கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெற்றோர் வசிக்கும் வீட்டில் வசிக்கும் உரிமையைத் திருநருக்குத் தருகிறது. அந்த வீட்டில் உங்கள் மகன் தங்குவது உங்கள் அண்ணனின் சம்மதத்தைப் பொறுத்ததல்ல. வாரிசுரிமையாலும் அது அவருடைய வீடு.

சட்டையும் வேட்டியும் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்ததைக் கவனித்தேன். உடையாலும் பேச்சாலும் நடையாலும் தன் பாலினத்தை வெளிப்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்று 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. இன்னார் இன்ன துணியைத்தான் உடுத்தலாம் என்று ஊர் விதித்ததை எதிர்த்து, நம் முன்னோரான பெண்கள் மேலாடையாகிய தோள்சீலைக்காக அடியும் உதையும் பட்டுப் போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசின் உத்தரவைப் பெற்றது இந்த மண்ணில்தான். அந்தப் பெண்களில் பலர் உங்களைப் போலவே கிறிஸ்தவ ஆலயத்துக்குச் சென்றவர்கள். ஆலயத்தில் யாராவது உங்கள் மகனின் உடையைக் குறைசொன்னால் உங்களுக்கு இது நினைவுக்கு வரட்டும்.

திருமணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூத்துக்குடியில் நடந்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில் மதுரைக் கிளை 2019இல் திருநங்கையும் மணமகளே என்று தீர்ப்பளித்தது. உங்கள் மகனைப் போல ஆணாக வாழும் திருநம்பி ஒரு பெண்ணையும் திருநங்கை ஓர் ஆணையும் இப்போதுள்ள திருமணச் சட்டங்களின்படியே மணக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிப்படுத்தியது. உங்கள் மகனுக்குக் குடும்பம் அமையச் சட்டத் தடை இல்லை. இளையவளின் கல்யாணத்துக்குச் சட்டத்தில் பதில் இல்லை, சகோதரி. அவளுடைய அண்ணனான உங்கள் மகனை மறைத்து வைத்துப் பேசி முடிக்கும் சம்பந்தம் பின்னால் அந்தப் பெண்ணுக்குத்தான் சுமையாகும் என்று நான் நினைக்கிறேன். அவளையும் அருகில் உட்கார வைத்து அவள் மனத்தைக் கேளுங்கள். நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் இல்லை.

கடைசியாக நடைமுறை. விண்ணப்பத்தைப் பதிவேற்றியதும் வரும் ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாட்கள் கடந்தும் பதில் இல்லையென்றால், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், அந்த எண்ணையும் விதியையும் குறிப்பிட்டு உங்கள் மகன் மனு கொடுக்கட்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தெரிவித்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்று தயங்க வேண்டாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், உங்களுக்கு அருகில் குழித்துறையில் வட்ட சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. தகுதியுள்ளவர்களுக்கு அங்கே வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள். போகும்போது கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தோட்டத்தின் பத்திரம் ஆகியவற்றின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். சொத்துப் பற்றிய ஆலோசனையையும் அதே நாளில் பெற்றுக்கொள்ளலாம்.